கிராணி பேருக்கு ஓர் அர்ச்சனை

சீவரத்தினம் லஞ்சம் வாங்கமாட்டார். இது பிரிக்பீல்ட்ஸில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

கோலாலம்பூரில் மாட்டுத் தொழுவங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் ஆபீஸில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். இவர் எழுதி நீட்டுவதில் கையெழுத்துப் போடுவதும் மாலையில் டென்னிஸ் ஆடுவதும்தான் துரையின் வேலை. ஆகவே நகரத்து மாடுகளின் தலையெழுத்து சீவரத்தினத்தின் பேனாவில் இருந்தது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் நெய் வாங்கினார், கோழி வாங்கினார், பட்டு வேட்டி வாங்கினார். ஒரு பொங்கலுக்கு உயிரோடு ஓர் ஆட்டையே வாங்கி சைக்கிள் கொட்டகையில் கட்டிவைத்தார். அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து துரையின் தொப்பியைத் தின்றுவிட்டது. அதனால்தான் அவரை மாற்றினார்கள்; லஞ்சத்துக்காக அல்ல, தொப்பிக்காக.

சீவரத்தினம் வந்ததும் மாட்டுக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். வாழைத்தார் அனுப்பினால் அதே ரிக்‌ஷாவில் அது திரும்பி வந்தது. வாங்காத கிராணியை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. போதாது என்று நினைக்கிறார் போலிருக்கிறது என்று இன்னும் பெரிய தாராக அனுப்பினார்கள். அதுவும் திரும்பியது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பிடி முருங்கைக்கீரை வந்தால்கூட, அந்த வீட்டுக்காரரின் மைத்துனருக்கு மாடு உண்டா என்று விசாரித்த பிறகுதான் கீரை அடுப்பேறும். விசாரணை முடிவதற்குள் கீரை வாடிப்போகும். அவருடைய மனைவி குணபூசணி கணவரின் நேர்மையைப் பெரும்பாலும் வாடின கீரையாகவே அறிந்திருந்தாள்.

வெளியே அந்த நேர்மைக்கு நல்ல மரியாதை இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய நல்லொழுக்கச் சங்கத்தில் மாதம்தோறும் சொற்பொழிவு உண்டு. பொதுவாழ்வில் ஊழலை ஒழிப்பது எப்படி என்று ஒருவர் பேசுவார். சட்டத்தால் ஒழிக்கலாம் என்பார் ஒருவர், சமயக் கல்வியால் என்பார் அடுத்தவர். பிறகு எல்லாரும் வடை சாப்பிடுவார்கள். சங்கத்தின் செயலாளர் தங்கரத்தினம் ரயில்வேயில் கணக்கர். தேர்தலுக்கு முதல் நாள் அங்கத்தினர் அனைவருக்கும் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் பரிமாறித்தான் அவர் செயலாளரானார் என்பதை அந்தக் கூட்டங்களில் யாரும் எடுத்துப் பேசியதில்லை. அந்தத் தங்கரத்தினம்தான் இப்போது சீவரத்தினத்துக்கு ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்திருந்தார். பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்துப் பத்திரம், சங்க மண்டபச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு போட்டோ. போட்டோவுக்கு எந்தக் கோட்டைப் போடுவது என்று சீவரத்தினம் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

அவருக்கு இருந்த ஒரே துன்பம் வயிறு. சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாவிட்டாலும் எரியும். ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த வெள்ளை மருந்தைக் குடித்தால் மருந்தும் சேர்ந்து எரியும். ஆனால் கொஞ்ச நாளாக அந்த எரிச்சல் இல்லை. மிளகாயைக் குறைத்ததன் பலன் என்று அவர் தம்மையே மெச்சிக்கொண்டார்.

இப்படி வயிறும் மனமும் குளிர்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த முருகன் கோயிலுக்குப் போனார். சந்நிதியில் நீண்ட வரிசை. உள்ளேயிருந்து சபாபதி குருக்களின் குரல் கேட்டது. "ஜ்யேஷ்டா நட்சத்திரே, விருச்சிக ராசௌ, சீவரத்தின நாமதேயஸ்ய…"

ஜ்யேஷ்டா என்றால் கேட்டை; அது அவருடைய நட்சத்திரம். பெயரும் அவருடையது. ஆனால் தட்டேந்தி நின்ற தலைப்பாகைக்காரரை அவர் பார்த்ததே இல்லை. அடுத்து ஒருவர் வந்தார். மறுபடியும் சீவரத்தின நாமதேயஸ்ய. அதற்கடுத்தவருக்கும் அதேதான். வரிசையில் பாதிப் பேர் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்ய நின்றார்கள். நட்சத்திரம் தெரியாமல் வந்தவர்களுக்குக் குருக்களே எடுத்துக் கொடுத்தார்; அதற்காகத் தட்டில் தனியாக ஏதோ விழுந்தது.

வரிசை கரையும்வரை காத்திருந்து சீவரத்தினம் பாய்ந்தார். "என்ன ஐயர் இது? ஆரைக் கேட்டு என்ர பேரைச் சொல்லுறியள்?"

"வாங்கோ, வாங்கோ," என்றார் குருக்கள். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். எதற்கும் பதற மாட்டார். "எல்லாம் மாட்டுக்காராதான். உங்ககிட்ட நேரா ஒண்ணும் குடுக்க முடியலையாம். அதான் இங்கே வந்து குடுக்கறா."

"நட்சத்திரம் எப்பிடித் தெரியும்?"

"உங்காத்து மாமி மாசாமாசம் உங்க பேருக்கு அர்ச்சனை பண்றாளே! அதை ரகசியம்னு யாரும் எனக்குச் சொல்லலே."

"இது லஞ்சம். உடனை நிப்பாட்டுங்கோ."

"நீங்க வாங்கினேளா? இல்லையே. ஸ்வாமின்னா வாங்கிண்டிருக்கார்! அவரைக் கேளுங்கோ."

சீவரத்தினம் முருகனைப் பார்த்தார். சந்தனக்காப்பில் முருகன் திருப்தியாகத்தான் இருந்தார்.

"பண்டத்தைத் தந்தால் திருப்பி அனுப்பலாம்," என்று சீவரத்தினம் முணுமுணுத்தார். "புண்ணியத்தை எந்த ரிக்‌ஷாவிலை ஏத்தி அனுப்புறது?"

"அனுப்பப்படாது. அது உங்க கணக்குல ஏறினா ஏறினதுதான்," என்ற குருக்கள், ஒரு யோசனை வந்தவராகக் கேட்டார். "அது கிடக்கட்டும், இப்போ வயிறு தேவலையா?"

சீவரத்தினத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்ர வயித்தைப் பற்றி உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பவுனம்மாள்தான். வெள்ளிக்கு வெள்ளி உங்க வயித்துக்காகப் பாலாபிஷேகம் பண்றாளே. குடம் குடமா ஊத்தறா. குணமாச்சா இல்லையான்னு என்னைக் கேட்டுண்டே இருக்கா."

பவுனம்மாள் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். புருஷன் இறந்த பிறகு தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு, பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு மாடு வளர்த்தாள். லைசென்ஸ் இல்லாத மாடுகள் மாசக் கடைசிக்குள் நகர எல்லையை விட்டுப் போய்விட வேண்டும் என்பது துரையின் புது உத்தரவு. பவுனம்மாளின் மனு சீவரத்தினத்தின் மேசையில் இருந்தது. அவள் கொட்டகையை அடுத்த நாள் அவர் இரண்டாம் தடவையாகப் பார்வையிட வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "நீர் அந்தப் பால்காரியிட்டை என்ன கதைச்சனீர்?"

"வேலியடியிலை நிண்டு பால் வாங்கினனான். காசு குடுத்துத்தான். ஏன் முகம் வாடிக் கிடக்கெண்டு கேட்டவ. உங்கட வயித்துக்குத்து எண்டு சொன்னனான்," என்றாள் குணபூசணி. "என்ர வருத்தத்தை ஒருத்தருக்குச் சொல்லுறதும் குற்றமே? கீரையைத்தான் வாங்கக்கூடாது எண்டியள். ஆறுதலையும் வாங்கக்கூடாதோ?"

சீவரத்தினம் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எரியவில்லை. ஒரு மனிதன் தன் வயிறு எரியவில்லையே என்று அவ்வளவு கவலைப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் கொட்டகைக்குப் போனவர் குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றார். தரைக்குச் சிமெண்டு போட்டிருந்தாள். கழிவுநீர் வாய்க்காலில் வழிந்தோடியது. கிணறு தள்ளி இருந்தது. சுவர்களில் ஜன்னல்கள் போதிய அளவுக்கு இருந்தன. காற்று அவருடைய குறிப்புக் காகிதத்தையே இரண்டு முறை பறக்கவிட்டது. கழுத்தில் வெள்ளைத் தழும்பு கொண்ட ஒரு மாடு அதை நக்கிப் பார்த்தது.

"எல்லாம் நீங்க போன தடவ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன் கிராணி ஐயா," என்றாள் பவுனம்மாள். தலையில் துண்டு கட்டி, கையில் சாணிக் கூடையோடு நின்றாள். "வயிறு எப்படி இருக்குங்க?"

"என்ர வயித்தைப் பற்றிக் கதைக்க வேண்டாம்!" என்று கத்திவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வழியில் தங்கரத்தினம் பிடித்துக்கொண்டார். விழா அடுத்த சனிக்கிழமை. "ஐசே, ஊரிலை ஒரு கதை அடிபடுகுது," என்று குரலைத் தாழ்த்தினார். "உமக்கு அபிஷேகம் செய்தால் லைசென்ஸ் கிடைக்குமாம். இப்ப நீர் அந்தப் பால்காரிக்குக் குடுத்தீரெண்டால் கதை உண்மையாப் போயிடும். பொன்னாடை போத்துற எங்கட மூஞ்சியிலை சனம் காறித் துப்பும்."

"கொட்டில் ஒழுங்காத்தானே இருக்கு?"

"ஒழுங்கா இருந்தால் என்ன? உம்மட பேர் முக்கியமோ, மாடு முக்கியமோ? ஏதாவது ஒரு குறையை எழுதும். விழா முடியட்டும், பிறகு பாப்பம்."

விழா முடிவதற்குள் மாசமும் முடிந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். சீவரத்தினம் ஆபீஸுக்குப் போய், பவுனம்மாளின் மனுவில் 'காற்றோட்டம் போதாது' என்று எழுதினார். ஒரு பெரிய சோதனையில் வென்றுவிட்ட கம்பீரம்கூட அவர் முகத்தில் இருந்தது. பெற்ற நன்மைக்கு மயங்காமல் நின்றேன் என்று தமக்கே சொல்லிக்கொண்டார். துரை பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். சீவரத்தினமும் இருந்தார், போகாமல் இருந்தால் பயந்துவிட்டார் என்பார்களே என்று போயிருந்தார். பவுனம்மாள் வெறுங்கையோடு வந்தாள். குடம் இல்லை. நேராகச் சந்நிதிக்கு முன் வந்து நின்றாள்.

"சாமி, இவரு பேருல நான் ஊத்துன பாலையெல்லாம் வாபஸ் வாங்கணும்," என்றாள் குருக்களிடம்.

"அபிஷேகத்தை வாபஸ் வாங்கறதா? அப்படி ஒரு மந்திரமே கிடையாது, பவுனம்மா."

"ஏத்தறதுக்கு மந்திரம் இருக்குல்ல? எறக்கறதுக்கும் இருக்கும். தேடிப் பாருங்க." அவள் சத்தம் போடவில்லை. சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிக் கொடுப்பவள் போலத்தான் பேசினாள். "கொட்டாயில காத்து இல்லைன்னு எழுதிட்டாரு. அவரு குறிப்பெழுதின காகிதம் பறந்துபோயி நான்தான் ஓடிப் புடிச்சுக் குடுத்தேன். நாளைக்கு மாட்டு யாவாரி கிள்ளான் வேலாயுதம் வந்து மாட்டை ஓட்டிட்டுப் போறாரு. போகட்டும். என் பாலு இவருக்கு எதுக்கு? முருகா, இவருக்கு வேணாமாம், நீ எடுத்துக்க."

கூட்டம் குருக்களைப் பார்த்தது. அர்ச்சனைத் தட்டுக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். முடியாது என்றால் நாளைக்கு எவன் வருவான்? குருக்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நூற்றெட்டு நாமாவளியைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லத் தொடங்கினார். நடுவில் தடுக்கி விழுந்து எழுந்து ஒருவழியாக முடித்தார். கற்பூரத்தை இடப்பக்கமாகச் சுற்றிக் காட்டினார். பவுனம்மாள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் திரும்பிப் போனாள். யாரோ சிரித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை வயிறு எரிந்தது. சாதாரண எரிச்சல் இல்லை. பழைய பாக்கியெல்லாம் சேர்த்து எரிந்தது. இரவு குணபூசணி வைத்த மீன்குழம்புதான் காரணம் என்று நானும் நீங்களும் சொல்லலாம். அவரால் சொல்ல முடியவில்லை.

ஆபீஸ் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து யோசித்தார். இப்போது லைசென்ஸ் கொடுத்தால் வயிற்றுக்குப் பயந்து கொடுத்ததாகும். அதுவும் லஞ்சம்தான். கொடுக்காவிட்டால்? நேர்மையாக இருந்ததாகும். அப்படித்தானே? அந்த 'அப்படித்தானே'தான் இடித்தது. தமக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் கோழி வாங்கிக்கொண்டு, இல்லாத வசதியை இருப்பதாக எழுதினார். தாமோ, இருக்கிற ஜன்னலை இல்லை என்று எழுதினார். எதற்காக? ஒரு பொன்னாடைக்கு. சுவரில் மாட்டும் ஒரு போட்டோவுக்கு. அந்த மனிதர் வாங்கியதையாவது குடும்பத்தோடு உட்கார்ந்து தின்றார். சீவரத்தினத்துக்கு அழுகை வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது. எழுந்து துரையின் அறைக்குப் போனார்.

"அந்தத் தொழுவத்தில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, சார். நான் பொய் எழுதினேன்."

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவருடைய உத்தியோகத்தில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறார். எந்தக் கிராணியும் வந்து இப்படிச் சொன்னதில்லை. என்ன செய்வது என்று தெரியாததால் லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். கூடவே சீவரத்தினத்தின் உத்தியோகப் பதிவில் ஒரு கண்டனமும் எழுதினார். பொய் எழுதிய கிராணி என்று. பல கிராணிகள் வந்துபோன அந்த ஆபீஸில் அப்படிப்பட்ட கண்டனம் அதுதான் முதல்.

சீவரத்தினம் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சூளைக்குப் பின்னால் நடந்தார். நல்ல வேளை, வேலாயுதம் அப்போதுதான் மாட்டின் தும்புக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்கப் பாதி பிரிக்பீல்ட்ஸ் கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவர் லைசென்ஸை நீட்டினார்.

"கொட்டில் ஒழுங்கா இருக்கு. முந்தி நான் எழுதினது பொய். மன்னிக்க வேணும்."

பவுனம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது; முத்திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு வேலாயுதத்தின் கையிலிருந்த தும்பைப் பிடுங்கினாள். வேலாயுதம் வந்த வண்டிச் செலவை யார் தருவது என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் ஒரே கசமுசா. "பாத்தியா? அர்ச்சனைய வாபஸ் வாங்கின மறுநாளே ஓடியாந்துட்டாரு!" "வயித்தப் புடிச்சிக்கிட்டு வராரு பாரு!" எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. கிராணியை வளைக்கும் வழி தெரிந்துவிட்டது: முதலில் ஊற்ற வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும்.

விழாவுக்கு அழைத்துப்போக வந்த தங்கரத்தினம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் கறுத்தது. "ஐசே, எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டீர். கமிட்டிக்கு நான் என்ன சொல்லுவன்?"

"நான் லஞ்சம் வாங்கினதைச் சொல்லும்," என்றார் சீவரத்தினம். "உம்மட பொன்னாடையைத்தான் வாங்கப் பார்த்தனான். இப்ப திருப்பி அனுப்புறன்."

தங்கரத்தினத்துக்கு அது புரியவில்லை. ஆனால் வாங்கிய பொன்னாடை வீணாகவில்லை. அன்று மாலை விழா நடந்தது. பொதுவாழ்வின் தூய்மையைக் காப்பதற்காக நண்பனென்றும் பாராமல் ஒருவரை விலக்கிய துணிவைப் பாராட்டி, செயலாளருக்கே அதைப் போர்த்தினார்கள். போட்டோவும் அவரைத்தான் எடுத்தார்கள். வடை மீதமாகிவிட்டதாம்.

கூட்டம் கலைந்த பிறகும் சீவரத்தினம் கொட்டகையைவிட்டுப் போகவில்லை. ஏதோ கேட்க நினைத்துக் கேட்கத் தயங்கினார். தழும்புக் கழுத்து மாட்டைத் தடவிக் கொடுத்தார்.

"பவுனம்மா, ஒரு கேள்வி. அந்தப் பாலை ஊத்தேக்கை லைசென்ஸையும் கேட்டனீரோ?"

"கொஞ்சம் கேட்டேங்க," என்றாள் அவள். "இல்லேன்னா பொய்யாயிரும். ஆனா மொதல்ல வயித்தத்தான் கேட்டேன். அம்மா வேலிகிட்ட நின்னு அழுதாங்களே."

அவர் தலையாட்டினார். இன்னும் போகவில்லை. வயிறு சுருக்கென்று இழுத்தது; குனிந்து நிமிர்ந்தார்.

பவுனம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "ரொம்ப வலிக்குதாங்க?"

"கொஞ்சம்."

"நான் வாபஸ் வாங்கினதை, வாபஸ் வாங்கிரலாங்க. அடுத்த வெள்ளிக்கே ஊத்தலாம்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். "ஆனா இப்ப ஊத்துனா லைசென்ஸுக்குக் கைம்மாறுன்னு ஆயிருமே ஐயா. நீங்க ஒத்துக்க மாட்டீங்களே."

சீவரத்தினம் மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தார். மண்டபத்துப் பக்கமிருந்து நாதஸ்வரச் சத்தம் வந்தது.

"ஊத்த வேண்டாம்," என்றார்.

வீட்டுக்கு நடந்தபோது வழியில் இருவர் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். ஒருவர் மரியாதையாக அவருடைய வயிற்றை விசாரித்தார். கோயிலில் அவர் பெயருக்கு வரிசை இன்னும் நீளப்போகிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் விலைபோகவில்லை என்பதற்கு அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அவருடைய வயிற்றுவலிதான். அதை யாரிடம் எடுத்துக் காட்டுவது?

வாசலில் குணபூசணி நின்றிருந்தாள். கையில் பக்கத்து வீட்டு முருங்கைக்கீரை. விசாரிப்பார் என்று பின்னால் மறைத்தாள்.

"வாடுறதுக்கு முதல் சமையும்," என்று சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி அவர் உள்ளே போனார்.